ஒன்பதாம் குழு

துளிர்ப் பட்டை அமுதம் பள்ளிக்கு வருவதற்கு முன்பு, ஓவியாவைப் பேச வைக்க வகுப்பாசிரியை சிந்துஜா செய்து பார்க்காத வித்தை இல்லை.

ஏழாம் வகுப்பில் எழுத்துத் தேர்வு எதுவானாலும் ஓவியாதான் முதல். ஆனால் அந்த ஆண்டு விதி மாறியிருந்தது. மதிப்பெண்ணில் பாதி குழுச் செயல்பாட்டுக்குப் போய்விட்டது. நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசி, வாதாடி, எதையாவது செய்து முடிக்க வேண்டும். மேசைக்கு மேலே தொங்கும் ஒலிவாங்கி யார் எவ்வளவு பங்கெடுத்தார்கள் என்று கேட்டுக் கணக்குப் போடும். பேசாத பிள்ளை பங்கெடுக்காத பிள்ளை. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

சிந்துஜா ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கை புளியங்கொட்டையைக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை பேசினால் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போடலாம், கையில் இருப்பது தீர்ந்தால்தான் ஆட்டம் முடியும். ஓவியா தன் கொட்டைகளை மேசைக்கடியில் பக்கத்துப் பிள்ளையின் மடியில் தள்ளிவிட்டாள். குழுத் தலைவியாக்கினால், சொல்ல வேண்டியதை எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாள். வாய் ஓயாத தன்யஸ்ரீயோடு ஜோடி சேர்த்துவிட்டால், தன்யஸ்ரீ இருவருக்கும் சேர்த்துப் பேசினாள். இருவரும் நல்ல சிநேகிதிகள் ஆனதுதான் மிச்சம்.

இந்த நேரத்தில்தான் அஷ்வத் என்ற இளைஞன் தன் நிறுவனத்தின் துளிரைக் கொண்டுவந்தான். துவரம்பருப்பு அளவில் ஒரு பட்டை. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

"பேசலாம்னு வாயெடுக்கும்போது உள்ள ஒண்ணு புடிச்சு இழுக்குது இல்லீங்களா மேடம், அந்தப் பிடிய இது தளர்த்திடும். மருந்து கிடையாது, மயக்கம் கிடையாது. கழட்டின கொஞ்ச நேரத்துல எல்லாம் பழையபடி ஆயிடும்."

தாளாளர் சென்னியப்பன் தயங்கியபோது அவரிடம் போய் வாதாடியவள் சிந்துஜாதான். பெற்றோர்கள் சம்மதம் சொன்னார்கள். ஓவியாவின் அம்மா ஜீவிதா மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர். விழுப்புரம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டையில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு அவளும் சரி என்றாள்.

முதல் வாரம் சிந்துஜாவுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. ஓவியா பேசினாள். சும்மா இல்லை, மேசையைத் தட்டிப் பேசினாள். எரிமலை மாதிரியில் குழம்பு எந்தப் பக்கம் வழிய வேண்டும் என்று ரித்விக்கோடு மல்லுக்கு நின்றாள். அவளுடைய குரல் கொஞ்சம் கரகரப்பானது என்பதே அப்போதுதான் வகுப்புக்குத் தெரிந்தது. சிந்துஜா ஓய்வறைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அடுத்த வாரம் 'நம் ஊரை நாமே அமைப்போம்' என்ற செயல்பாடு. அட்டைப் பெட்டிகளை வெட்டி வீடு, பள்ளிக்கூடம், கோயில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்து ஒரு பலகையில் ஒட்ட வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டையும் அதில் வைக்க வேண்டும். ஓவியா தன் வீட்டுக்குப் பச்சைக் கூரை போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அங்க வேண்டாம்" என்றாள் தன்யஸ்ரீ.

"ஏன்? இடம் இருக்குல்ல."

"உங்க வீடு ஊருக்கு வெளியதான் வரணும். நீங்க வேற ஆளுங்களாமா. எங்கம்மா சொல்லுச்சு."

அதில் கோபமில்லை, கிண்டலில்லை. கத்தரிக்கோலை எடு என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். ரித்விக் பசையைத் தடவிக்கொண்டே, "ஆமா, உன் டிபன்ல இருந்து எடுத்துச் சாப்பிடக் கூடாதுன்னு எங்க தாத்தாவும் சொன்னாரு. நான் அன்னிக்கு வயிறு வலின்னு பொய் சொன்னேன்ல, அது அதுக்குத்தான்" என்றான்.

இரண்டு மேசை தள்ளி நின்றிருந்த சிந்துஜாவுக்கும் அது கேட்டது. ஓடி வருவதற்குள் ஓவியா பதில் சொல்லிவிட்டாள். அவள் காதுக்குப் பின்னாலும்தான் பட்டை இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் மிக இயல்பாக. "அதனாலதான் நான் பேசவே மாட்டேன். பேசினா எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பீங்க. அப்புறம் கண்டுபிடிச்சிடுவீங்க."

சுவர்த் திரையில் அந்தக் குழுவுக்கு நேரே தங்க நட்சத்திரம் பூத்தது. 'அற்புதம்! எல்லோரும் பங்கேற்றார்கள்!'

சிந்துஜா நாலு பேரின் பட்டைகளையும் பிய்த்தெடுத்தாள். அவசரத்தில் ரித்விக்கின் தோல் சிவந்து அவன் அலறினான். கொஞ்ச நேரம் நாலு பேரும் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தளர்ந்த பிடி மெல்லத் திரும்பி வந்தது. அது வந்ததை அவர்கள் முகத்திலேயே பார்க்க முடிந்தது. ரித்விக் தலையைக் குனிந்தான். தன்யஸ்ரீ விக்கி விக்கி அழத் தொடங்கினாள். ஓவியா அழவில்லை. தன் கையிலிருந்த பசைக் குச்சியை மூடினாள், மேசைமேல் வைத்தாள், எழுந்து கழிவறைக்குப் போனாள். அவள் வாந்தியெடுக்கும் சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது.

கோபம் வந்தால் சிந்துஜாவின் குரல் உயராது, இறங்கும். தாளாளர் அறையில் அவள் பேசியது எதிரே உட்கார்ந்திருந்த அஷ்வத்துக்குப் பாதிதான் கேட்டது.

"கூச்சத்த எடுக்கும்னு சொன்னீங்க. நீங்க எடுத்தது எதை?"

"மேடம், மூளைக்குள்ள கூச்சத்துக்கு ஒரு குழாய், நாகரிகத்துக்கு ஒரு குழாய்னு தனித்தனியா இல்ல. தயக்கம்னு ஒண்ணுதான் இருக்கு. தப்பா சொல்லிடுவமோன்னு பயப்படறதும் அதுதான், அடுத்தவங்க மனசு நோகுமேன்னு நிறுத்திக்கறதும் அதுதான். ஒண்ண மட்டும் பிரிச்சு எடுக்க யாராலும் முடியாது."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே மேடம். அந்தப் பொண்ணு பேசணும்னு கேட்டீங்க. பேசுது." அவன் குரலில் திமிர் இல்லை. அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது. "குழந்தைங்க வாயில வந்தத நாங்க வைக்கல. அது அவங்க வீட்டுல இருந்து வந்தது."

சென்னியப்பன் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டிருந்தார். "விடுங்க டீச்சர். சின்னப் பசங்க, விளையாட்டுக்குச் சொல்லியிருக்கும். அந்தப் பொண்ண வேற குழுவுல போட்டு விடுங்க. இத போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு."

"வாந்தியெடுத்தது விளையாட்டா சார்?"



மறுநாள் ஜீவிதா வந்தாள். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கியது. சிந்துஜா மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என் பொண்ணு ஊமைன்னு நினைச்சீங்களா மிஸ்? வீட்டுக்கு வந்து பாருங்க, வாய மூடவே மாட்டா. இங்க பேசாம இருந்தான்னா அது அவளே கட்டிக்கிட்ட வீடு. உள்ள உக்காந்து பத்திரமா படிச்சுக்கிட்டு இருந்தா. அத இடிக்கச் சொல்லி உங்கள யாரு கேட்டா?"

"அவளுக்கு நல்லது பண்றதா நினைச்சுத்தான் ஓவியா அம்மா..."

"தெரியும். நல்லது பண்றவங்கள எப்படித் திட்டறதுன்னு தெரியாமத்தான் நிக்கறேன்."

பள்ளியை மாற்றப் போகிறீர்களா என்று சிந்துஜா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நானும் கேட்டேன்" என்றாள் ஜீவிதா. "நான் எதுக்குப் போகணும்னு கேக்கறா. நாளையில இருந்து வருவா. அந்தப் பட்டை மட்டும் அவ மேல படக் கூடாது."

அந்த வாரக் கடைசியில் பெற்றோர் கூட்டம். துளிரைப் பள்ளி முழுவதற்கும் கொண்டுவரத் தாளாளர் முடிவெடுத்திருந்தார். பெற்றோர்களே அணிந்து பார்க்கட்டும், ஒரு மாதிரிச் செயல்பாட்டை சிந்துஜா மிஸ் நடத்தட்டும் என்றார். அவள் மாட்டேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்த அஷ்வத்துக்கு, அவள் உடனே ஒப்புக்கொண்டது ஆச்சரியம். என்ன செயல்பாடு என்று கேட்டான்.

"நம் ஊரை நாமே அமைப்போம்" என்றாள்.

அவள் மனதில் இருந்தது இதுதான்: அவர்களே சொல்லட்டும். எல்லோர் காதிலும் விழும்படி, அவரவர் வாயால் சொல்லட்டும். சொல்லிவிட்டுக் குழந்தைகளைப்போலத் தலை குனியட்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஜீவிதாவை மட்டும் தொலைபேசியில் அழைத்து, அன்றைக்கு வர வேண்டாம் என்றாள். ஏன் என்பதையும் சொன்னாள்.

"வருவேன்" என்றாள் ஜீவிதா. "அவங்க பேசும்போது நான் இல்லாம இருந்தாத்தான் அவங்களுக்கு வசதி. பட்டை போட மாட்டேன், அவ்வளவுதான்."

கூட்டத்தில் பெற்றோர்கள் சிரித்துக்கொண்டே பட்டையை ஒட்டிக்கொண்டார்கள். தாளாளரும் ஒட்டிக்கொண்டார். அட்டைப் பெட்டிகள், கத்தரிக்கோல், பசை. தொடக்கத்தில் எல்லாம் குதூகலமாகத்தான் போயிற்று. நூல் மில் வைத்திருந்த ஒருவர் தனக்குப் பாட்டுப் பாட வரும் என்று சொல்லிப் பாடியே காட்டினார். பிறகு ஜீவிதா ஒரு பெட்டியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் வைத்தாள்.

தன்யஸ்ரீயின் அம்மா மைதிலி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, நீங்க வாடகைக்கு வீடு கேட்டு வந்தப்ப காலியில்லைன்னு சொன்னனே, அது பொய்ங்க. வீடு ரெண்டு மாசம் காலியாத்தான் கிடந்துது."

"தெரியும்" என்றாள் ஜீவிதா.

"எங்க வீட்டுலயும் உங்க பொண்ணு கூடச் சேர வேண்டாம்னுதான் சொல்லியிருக்கறோம்" என்றார் ரித்விக்கின் அப்பா. "தப்பாச் சொல்லலீங்க. பழக்கம் அப்படி."

சென்னியப்பன் தன் பங்குக்கு, "சேர்க்கறப்ப எனக்கும் யோசனையாத்தான் இருந்துது. அம்மா கரண்ட் ஆபீஸ்ல இன்ஜினியராச்சே, ஒரு நேரத்துக்கு உதவும்னுதான் சேர்த்தேன்" என்றார்.

பேச்சு மேசைக்கு மேசை பரவியது. ஒருவர் தொடங்கினால் அடுத்தவர் தொடர்ந்தார். யாரும் யாரையும் தடுக்கவில்லை. தடுப்பதற்குத்தான் உள்ளே ஒன்றும் இல்லையே. ஜீவிதா முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, பேசுகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் நட்சத்திரங்கள் பூத்துக்கொண்டே இருந்தன.

மணி அடித்ததும் பட்டைகளைக் கழற்றினார்கள். காபியும் முறுக்கும் வந்தன. சிந்துஜா சுவரோரம் நின்று காத்திருந்தாள். இதோ வரப் போகிறது, இப்போது வந்துவிடும் என்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

வந்தது. பிடி திரும்பி வந்தது. ஓரிருவர் ஜீவிதாவின் பக்கம் பார்க்காமல் கிளம்பிப் போனார்கள். ஆனால் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகங்களில் அவள் எதிர்பார்த்தது இல்லை. ஒரு நிம்மதிதான் இருந்தது. நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன், எல்லோரும்தானா என்கிற நிம்மதி. இத்தனை நாள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதை இனி சாத்தாமலே பேசலாம். மைதிலி, ஜீவிதாவின் தோளைத் தொடாமல், தொடுவதுபோல் கையை நீட்டி, "மனசுல வெச்சுக்காதீங்க. உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு வெச்சுக்காம சொல்லிட்டம் பாருங்க, லேசா இருக்குது" என்றாள்.

ஜீவிதா வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தாள். சிந்துஜா பின்னாலேயே ஓடினாள்.

"அவங்க வெட்கப்படுவாங்கன்னு நினைச்சேன்."

"அவங்க உள்ள இருக்கறத வெளிய காட்டணும்னு நினைச்சீங்க" என்றாள் ஜீவிதா. "அதுல எனக்கு எதுங்க மிஸ் புதுசு? உங்களுக்குத்தான் புதுசு. நீங்க பாக்கறதுக்காக நான் ரெண்டாவது தடவை கேட்டேன்." தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சிந்துஜா அங்கேயே நின்றாள். அவர்கள்மேல் இருந்த கோபம் அத்தனையும் தன்மேலேயே திரும்பி, நெஞ்சைக் காந்தியது.

திங்கட்கிழமை அறிவியல் வகுப்பு. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, உள்ளே கூழாங்கல், மணல், கரித்தூள் அடுக்கி, கலங்கல் தண்ணீரை வடிகட்ட வேண்டும். குழுக்களைத் திரையே பிரித்துக் காட்டியது. வார இறுதியில் அஷ்வத்தின் ஆட்கள் அதன் நிரலைப் புதுப்பித்திருந்தார்கள். எட்டுக் குழுக்களில் நாலு நாலு பேர். அதற்குக் கீழே இன்னொரு வரி.

ஒன்பதாம் குழு: ஓவியா. எதிர்பார்க்கும் பங்கேற்பு: முழுமை.

சிந்துஜா அதை மறுபடி படித்தாள். தாழ்வாரத்துக்குப் போய் அஷ்வத்தை அழைத்தாள்.

"யாரையும் ஒதுக்கல மேடம்" என்றான் அவன். "சாதின்னு ஒரு வார்த்தைகூட எங்க நிரல்ல கிடையாது. யார் யாரோட இருந்தா எல்லாரும் அதிகமா பேசறாங்கன்னு மட்டும் பாக்குது. பிள்ளைங்க பேசினதையும் பெத்தவங்க பேசினதையும் வெச்சு அதுவே கத்துக்கிட்டது. ஓவியா தனியா இருந்தா மத்த குழு எல்லாம் நல்லாப் பேசுது. அவ குழுவுல அவ மட்டும்தான், அதனால அவளோட பங்கு எப்பவும் முழுசா வரும். அவளுக்கும் முழு மார்க். யாருக்கும் நஷ்டமில்ல."

"ஒரு ஆளு எப்படிடா குழு ஆகும்?" அவள் வாழ்நாளில் வேலையிடத்தில் யாரையும் 'டா' போட்டதில்லை.

"கணக்குப்படி ஆகும் மேடம்."

அவள் வகுப்புக்குத் திரும்பினாள். எட்டு மேசைகளிலும் ஒரே ஆரவாரம். ஜன்னலோரத்து ஒன்பதாவது மேசையில் ஓவியா தனியே, பட்டை இல்லாமல், பாட்டிலைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு மணலைக் கொட்டப் பார்த்தாள். பாட்டில் சாய்ந்தது. மணல் பாவாடையில் கொட்டியது. தட்டிவிட்டு மறுபடி இடுக்கினாள், மறுபடி சாய்ந்தது. அது இரண்டு பேர் செய்கிற வேலை.

உதவப் போன சிந்துஜாவை ஓவியா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் சிந்துஜா நின்றுவிட்டாள். மேசைக்கு மேலே ஒலிவாங்கி தொங்கியது, சிறிய பச்சை விளக்கோடு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. சிந்துஜா நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினாள். கம்பியைக் கையில் சுற்றி ஒரே இழுப்பு. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர ஒலிவாங்கி பிய்ந்து வந்தது. வகுப்பு ஒரு கணம் அடங்கியது. அவள் அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டாள். "உங்க வேலையப் பாருங்க."

அப்போதுதான் மூன்றாம் குழுவில் தன்யஸ்ரீயைக் கவனித்தாள். அவள் தன் பட்டையைக் கழற்றி மேசை விளிம்பில் ஒட்டியிருந்தாள். கழற்றியதும் எழுந்து வந்துவிடவில்லை. குனிந்து உட்கார்ந்து, கைகளைப் பிசைந்தபடி காத்திருந்தாள். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. உள்ளே இருந்த பிடி முழுதாகத் திரும்பி இறுகும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் எழுந்தாள். பட்டையோடு வந்திருந்தால் எளிதாக வந்திருக்கலாம். இரண்டு தடவை நடுவில் நின்றாள். ஒரு தடவை திரும்பிப் போகப் பார்த்தாள். கடைசியில் ஒன்பதாவது மேசையின் முன் வந்து நின்றாள்.

"உன்ன யாரு கூப்பிட்டா?" என்றாள் ஓவியா.

"யாரும் கூப்பிடல."

"போ."

தன்யஸ்ரீ போகவில்லை. உட்காரவும் இல்லை.

'ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுங்க' என்பது சிந்துஜாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல வருடப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள்.

சுவர் ஒலிபெருக்கி கரகரத்தது. தாளாளரின் குரல். "டீச்சர், ஒன்பதாம் குழுவுல இருந்து ஒண்ணுமே வரலையே. அந்தப் பொண்ணு பங்கெடுக்குதா இல்லையா?"

"வேலை நடக்குதுங்க சார்" என்றாள் சிந்துஜா. குரல் மிகவும் இறங்கியிருந்தது. "நீங்க கேக்கறதுக்குத்தான் அங்க ஒண்ணுமில்ல."

"என்ன டீச்சர் பேசறீங்க? வகுப்பு முடிஞ்சதும் ரூமுக்கு வாங்க."

"வர்றேங்க சார். எனக்கும் பேச வேண்டியது இருக்குது."

ஒலிபெருக்கி அணைந்தது. ஜன்னலோரம் ஓவியாவின் பாட்டில் மூன்றாவது தடவையாகச் சாய்ந்தது. அதை விழாமல் பிடித்தது தன்யஸ்ரீயின் கை. ஓவியா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"நீ சொன்னத நான் மறக்க மாட்டேன்" என்றாள். பட்டையின் உதவியில்லாமல், ஒவ்வொரு சொல்லாகத் தள்ளி வெளியே கொண்டுவந்த கரகரத்த குரல்.

தன்யஸ்ரீ பாட்டிலை விடவில்லை. "மறக்க வேண்டாம்."

ஓவியா மணல் டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"பாட்டில நேரா புடி" என்றாள்.